துடைக்காமல் விட்ட வட்டங்கள்

பெங்களூர் மர்பி டவுனில் லூர்துமேரி வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். ஆகாசத்து மேரி வீடு என்று கேட்டால் ஒரே வீடுதான். அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியவர் அவள் புருஷன் தியோடர். அல்சூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்த அந்த மனுஷர், கார்பரேட்டரில் பேச்சை ஆரம்பித்தாலும் பெண்டாட்டியின் கண்ணில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். "மேலேருந்து வர்ற கதிரு கீதே, அது எங்க விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது எங்க வூட்டுக்காரிதான். கழுகுக் கண்ணு!" என்று சர்ச் வாசலில், ரேஷன் கடையில், ஏன், இழவு வீட்டில்கூட அள்ளிவிடுவார்.

மேரிக்கு இது முதலில் பெருமையாக இருந்தது, பிறகு பழகிப்போனது. ஆனால் தொண்ணூற்றாறாம் வருஷத்துக்குப் பிறகு 'கழுகுக் கண்ணு' என்ற வார்த்தை காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. அந்த வருஷம்தான் அவள் கண் போக ஆரம்பித்தது. அது அவளையும் சிவாஜி நகரில் ஒரு கண் டாக்டரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அவள் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் குடியிருப்பில். அப்பா சுரங்கத் தொழிலாளி. பூமிக்கடியில் அத்தனை ஆழத்துக்கும் துளைத்துக்கொண்டு வரும் காஸ்மிக் கதிர்களைப் பிடிக்க ஆராய்ச்சிக்காரர்கள் கருவிகளை இறக்கியபோது, அவற்றைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். கீழே அவர்களுக்கு என்ன கதிர் கிடைத்ததோ, அப்பாவுக்குக் கிடைத்தது மகளுக்கு ஒரு வேலை. அவர்கள் சொன்ன சிபாரிசில், எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பத்தொன்பது வயதுப் பெண் பெங்களூருக்கு வந்து, ஊரின் வடக்கே மரங்களுக்கு நடுவில் இருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்கேனராகச் சேர்ந்தாள்.

ஸ்கேனர் என்றால் அந்தக் காலத்தில் இயந்திரம் இல்லை, மனுஷி. ஈயத் தகடும் எக்ஸ்ரே பிலிமும் மாற்றி மாற்றி அடுக்கிய பெட்டிகளை மலையுச்சியில் ஒரு வருஷம் போட்டு வைப்பார்கள். வானத்திலிருந்து வரும் கதிர் ஈயத்தில் மோதிச் சிதறினால் பிலிமில் ஒரு புள்ளி விழும். கதிருக்கு ஆற்றல் அதிகம் என்றால் புள்ளி நல்ல கறுப்பு. குறைவு என்றால் வெறும் நிழல், தட்டில் மூச்சுவிட்டால் படிகிற ஆவி மாதிரி. கழுவிய பிலிம்களை லைட் டேபிளில் வைத்து, லென்ஸை நகர்த்தி நகர்த்தி அந்தப் புள்ளிகளைத் தேடுவதுதான் மேரியின் வேலை. கண்டுபிடித்த பிறகு, எவ்வளவு கறுப்பு, அப்படியானால் எவ்வளவு ஆற்றல், அந்த ஆற்றலில் எத்தனை கதிர்கள் என்பதெல்லாம் விஞ்ஞானிகளின் பாடு.

ஒவ்வொரு பிலிமையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று விதி. முதல் ஆள் பிலிமின் கண்ணாடித்தாள் உறை மேல் மெழுகுப் பென்சிலால் புள்ளியைச் சுற்றி வட்டம் போடுவார், இடத்தை எழுதிக்கொள்வார், கடைசியில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் வட்டங்களையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குத் தருவார். அடுத்தவர் ஒன்றும் தெரியாதவராக முதலிலிருந்து தேட வேண்டும். ஏன் துடைக்க வேண்டும் என்று யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சைப் பார்க்கக் கூடாது என்பது போல, வேலைக்காரர்கள் சோம்பேறியாகிவிடாமல் இருக்கப் போட்ட விதி என்றுதான் மேரி நினைத்திருந்தாள்.

அந்த இன்னொரு ஆள் ஜெயலட்சுமி. ஸ்ரீராம்புரத்துக்காரி, மேரியைவிட ஒரு வயது இளையவள். ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டவர்கள். மேரி கொண்டுவரும் மீன் குழம்பை ஜெயலட்சுமி தன் வீட்டுக்குத் தெரியாமல் சாப்பிடுவாள். புரட்டாசி மாதத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாசனை பிடிப்பாள். இருபத்தெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜை.

கண் மங்கியது ஒரே நாளில் இல்லை. லென்ஸுக்குள் ஒரு நிழல் தெரியும், அதை நேராகப் பார்த்தால் காணாமல் போய்விடும். கண்ணைக் கொஞ்சம் விலக்கினால் மறுபடி வரும். டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, "இது கண்ணாடி போட்டு சரியாகிறது இல்லம்மா. கண்ணுக்குப் பின்னால நடுப்பாகம் தேயுது. கொஞ்ச பேருக்கு சீக்கிரமே வரும்" என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு மேரி, "ஆபீஸ்ல" என்று மட்டும் சொன்னாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு முனியப்பன் இருந்தார். அவரும் ஸ்கேனர். கண் சரியில்லை என்று தானாகவே போய்ச் சொன்னார். அவரைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை, மரியாதை குறைந்தது. கவர்களை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்துக்கொண்டு வராந்தாவில் போகிற அவரை, "என்ன முனியப்பா, இன்னைக்கு எத்தனை நட்சத்திரம் தெரிஞ்சுது?" என்று பியூன்கள் கலாய்ப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு மேரிக்குத் தாங்காது. தியோடர் தபால் பிரிவைப் பற்றி ஊரில் என்ன சொல்லிக்கொள்வார்?

ஒரு நாள் ஜெயலட்சுமி தந்த பிலிமில் ஒரு வட்டம் துடைபடாமல் இருந்தது. உறையின் ஓரத்தில், பாதி அழிந்து. மேரி அங்கே லென்ஸைக் கொண்டுபோனாள். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஓரக்கண்ணால் பார்த்தால் நிழல் மாதிரி ஏதோ இருந்தது. எழுதிக்கொண்டாள். பிறகு அந்த மிச்ச வட்டத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். ஜெயலட்சுமி டீ குடிக்கப் போயிருந்தாள்.

அடுத்த பிலிமில் இரண்டு வட்டங்கள் மிச்சம். போகப் போக அது வழக்கமாகிவிட்டது. ஜெயலட்சுமியின் பஞ்சு அழுத்தம் இல்லாமல் ஏதோ கடனுக்கு ஓடியது. வட்டங்கள் அழிந்தும் அழியாமலும் கிடந்தன, தெரிந்துகொள்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி. மேரி என்ன நினைத்தாள் தெரியுமா? 'இவளுக்கு வயசாக ஆக வேலையில அக்கறை போச்சு' என்று நினைத்தாள். தான் திருடுகிற வீட்டில் பூட்டு சரியில்லை என்று குறை சொன்ன கதைதான். பிலிமை எப்போதும் ஜெயலட்சுமியே முதலில் பார்க்கும்படியும் பார்த்துக்கொண்டாள். "நீ முதல்ல பாத்துடு ஜெயா, எனக்குக் காலைல கண்ணு சூடாகுது" என்பாள்.

மனசை சமாதானப்படுத்த அவளிடம் ஒரு நியாயமும் இருந்தது. புள்ளி பிலிமில் இருக்கத்தானே செய்கிறது? இல்லாததையா எழுதினோம்? இவள் பார்த்தால் என்ன, அவள் பார்த்தால் என்ன, கணக்கில் ஏறினால் சரி. இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு அவள் ஒன்றரை வருஷம் நிம்மதியாகத் தூங்கினாள். அதைக் கெடுத்தவன் ரகுராம்.

ரகுராம் கும்பகோணத்துப் பையன். முப்பது வயதுக்குள் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு அந்தக் குழுவுக்கு வந்தவன். விஞ்ஞானிகள் ஸ்கேனர் அறைக்குள் வந்து உட்காருவது அபூர்வம். இவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீங்க பண்ற வேலை எனக்கு எதுக்கு ஆகுதுன்னு தெரியுமா மேரியம்மா?" என்று கேட்டான். தெரியாது என்றார்கள். அவன் குஷியாகிவிட்டான்.

"ஒரு கல்யாணம்னு வச்சுக்கோங்க. எத்தனை பேர் வந்தாங்கன்னு தெரியணும், ஆனா யாரும் எண்ணலை. மறுநாள் நீங்க தனியா உக்காந்து, வந்தவங்க பேரையெல்லாம் ஞாபகப்படுத்தி எழுதறீங்க. நூறு பேர். ஜெயாம்மா அவங்க வீட்ல தனியா எழுதறாங்க. அவங்களும் நூறு பேர். ரெண்டு லிஸ்ட்லயும் பொதுவா இருக்கறது அம்பது பேர்தான். அப்ப ஜெயாம்மா பாத்தவங்கள்ல பாதியைத்தான் நீங்க பாத்திருக்கீங்க. அப்படின்னா வந்தவங்கள்லயும் பாதியைத்தான் பாத்திருப்பீங்க. மொத்தம் இருநூறு. ரெண்டு பேருமே பாக்காத ஆளுங்களையும் கணக்குல கொண்டு வந்தாச்சு!"

"அட!" என்றாள் ஜெயலட்சுமி.

"இதே மாதிரிதான் புள்ளியும். ஆனா ஒண்ணு. நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே போன்ல பேசி வச்சுட்டு எழுதினா? ரெண்டு லிஸ்டும் ஒண்ணா இருக்கும். ஆஹா, ஒருத்தரையும் விடலைன்னு நான் ஏமாந்துடுவேன். விட்டுப்போனவங்க விட்டுப்போனவங்கதான். அது யாரா இருக்கும் சொல்லுங்க? ஓரமா நின்னு சாப்ட்டுட்டுப் போற ஏழைச் சொந்தக்காரங்களா இருக்கும். பிலிம்லயும் அப்படித்தான், மங்கலான புள்ளிங்கதான் விட்டுப்போகும். அதனாலதான் துடைக்கச் சொல்றது."

மேரிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம், "சார், ரெண்டு லிஸ்டும் ஒரே லிஸ்ட்தான்" என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? அவள் பஞ்சு டப்பாவை மூடினாள், திறந்தாள், மூடினாள். பக்கத்தில் ஜெயலட்சுமியும் எதுவும் பேசவில்லை. அவள் ஏன் பேசவில்லை என்று மேரி அன்றைக்கு யோசிக்கவில்லை, தன் பயமே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அதன் பிறகு அவள் செய்தது தெரிந்து செய்த தப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது கால் கூசும். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் எப்படிச் சொல்வது, அவருக்கு பிலிம் என்றால் என்னவென்று விளங்குமா என்று ஒரு சாக்கு கண்டுபிடித்து அதையும் தள்ளிப்போட்டாள்.

ரகுராமுக்கு அந்த வருஷங்களில் அதிர்ஷ்டம் அடித்தது, அல்லது அடித்த மாதிரி இருந்தது. காஸ்மிக் கதிர்களில் ஆற்றல் குறைந்தவை ஏராளம். ஆற்றல் ஏற ஏற எண்ணிக்கை மளமளவென்று சரியும். அதற்கென்று உள்ள கட்டத்தாளில் வரைந்தால் அது ஒரு நேர்கோடாக இறங்கும். ரகுராமின் கோடு ஆற்றல் குறைந்த பக்கத்தில் வளைந்தது. அங்கே இருக்க வேண்டிய அளவுக்குக் கதிர்கள் இல்லை. மற்றவர்கள் என்றால், மங்கல் புள்ளிகளை ஸ்கேனர்கள் விட்டிருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். இவன் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. மேரியும் ஜெயலட்சுமியும் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒத்துப்போகிறதே! யாரும் எதையும் விடவில்லை என்றால் அந்த வளைவு வானத்தில் இருக்கும் உண்மை. அவன் கட்டுரை எழுதினான். வெளிநாட்டு மாநாட்டில் பேச அழைப்பு வந்தது.

கட்டுரையின் கடைசியில் இருவர் பெயரையும் போட்டு நன்றி சொல்லியிருந்தான். கிறிஸ்துமஸுக்கு மர்பி டவுன் வீடு தேடி கேக்கோடு வந்து, "உங்க கண்ணு இல்லாட்டி எனக்கு ஒண்ணுமில்ல மேரியம்மா" என்றான். தியோடருக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி, "கழுகுக் கண்ணு சார், கழுகு!" என்றார். மேரி அடுப்பங்கரைக்குள் போய், எரியாத ஸ்டவ் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்தப் பாராட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இரண்டாயிரத்தில், மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்னால், ரகுராம் தன் ஆராய்ச்சிக்கூடத்திலேயே ஒரு முறை பேசிப் பார்த்தான். மேரியையும் ஜெயலட்சுமியையும் வற்புறுத்தி அழைத்து வந்து, எல்லாரும் பார்க்க ஆளுக்கொரு சால்வை போர்த்தி, பழக்கூடை கொடுத்து, பின்வரிசையில் உட்கார வைத்தான். பிறகு படங்களைப் போட்டான். அதில் ஒன்று, இரண்டு ஸ்கேனர்களும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று வருஷவாரியாகக் காட்டும் படம். எண்பதுகளில் மங்கல் புள்ளிகளில் நூற்றுக்கு எழுபது. அது தொண்ணூற்றாறிலிருந்து ஏறி ஏறி உச்சிக்குப் போயிருந்தது.

முன்வரிசையில் குழுத் தலைவர் கிருஷ்ணப்பா. கோலார் பக்கத்துக் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஹௌதா ரகுராம், அப்படியா? வயசாக ஆக எனக்கு பேப்பர் படிக்கவே ஆகல. இவங்க ரெண்டு பேருக்கு மட்டும் கண்ணு ஷார்ப் ஆயிட்டே போகுதா?"

அறை சிரித்தது. ரகுராமும் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்று, அவன் திரும்பி அந்தப் படத்தையே பார்த்தான். மறுபடி எல்லாரும் பேச ஆரம்பித்த பிறகும் அவன் பார்வை அங்கேயே இருந்தது. சால்வைக்குள் மேரிக்கு வேர்த்துக் கொட்டியது. கழற்றவும் தைரியமில்லை, போர்த்திக்கொண்டு உட்காரவும் முடியவில்லை.

மறுநாள் காலை ரகுராம் ஸ்கேனர் அறைக்கு வந்து, பழைய பிலிம் ஒன்றைத் தன் கையாலேயே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். "ஒரு சின்ன செக் மேரியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கிருஷ்ணப்பா சாருக்குக் காட்டணும்" என்றான். அவனுக்கு அவர்கள் மேல் சந்தேகமில்லை, கிருஷ்ணப்பாவின் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. முதலில் ஜெயலட்சுமி பார்த்தாள். மறுபடி அவனே துடைத்தான். பிறகு மேரியைத் தனியறையில் உட்கார வைத்தான்.

பிலிம் பளிச்சென்று இருந்தது. கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன, அவற்றை எழுதினாள். மங்கலானவற்றில் ஓரக்கண்ணில் அகப்பட்ட சிலதையும் எழுதினாள், மற்றவை இருக்க வேண்டிய இடமெல்லாம் ஒரே பால் வெளிச்சம். லென்ஸை நகர்த்தினாள், கண்ணைச் சாய்த்தாள், இன்னொரு கண்ணால் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு இருந்ததும் போனது. வழக்கமாக இந்த அளவு பிலிமில் எத்தனை வரும் என்று அவளுக்கு அத்துப்படி. அவள் தாளில் இருந்ததோ அதில் கால்வாசி. கதவுக்கு வெளியே அவன் செருப்புச் சத்தம் கேட்டது. பயத்தில் அவள் கை, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் செய்யாததைச் செய்தது. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இடங்களை இட்டுக்கட்டி எழுதியது. இல்லாததையா எழுதினோம் என்று சொல்லிக்கொண்டிருந்த நியாயமும் அத்தோடு போயிற்று.

ரகுராம் மேரியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தானே லென்ஸை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான்.

"இந்த இடத்துல நீங்க ஒண்ணு எழுதியிருக்கீங்க. எனக்குத் தெரியலையே."

அவள் லைட் டேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க, என் கண்ணாடி அழுக்கு" என்று துடைத்தான். மறுபடி குனிந்தான். "இல்ல, லைட் சரியில்லைன்னு நினைக்கிறேன்." ஸ்விட்சை அணைத்துப் போட்டான். பிலிமைத் திருப்பி வைத்தான். "நம்பரை நான் தப்பாப் படிக்கிறேனோ? இது ஏழா, ஒண்ணா மேரியம்மா?"

தன் கண்ணை, கண்ணாடியை, விளக்கை, எழுத்தை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டான் அந்தப் பிள்ளை. அவளை மட்டும் சந்தேகப்படவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது மேரிக்கு. அவன் லென்ஸைத் துடைக்க மறுபடி பஞ்சை எடுத்தபோது அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"வேணாம் சார். அங்க ஒண்ணுமில்ல. எனக்குக் கண்ணு தெரியல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்னைக்கிலேருந்து?"

அவள் பதில் சொல்வதற்குள் கதவருகில் நின்றிருந்த ஜெயலட்சுமி உள்ளே வந்துவிட்டாள். "நாலு வருஷமா சார். அவளைத் திட்டாதீங்க. நான்தான் துடைக்காம வுட்டேன். தெரிஞ்சேதான் வுட்டேன்."

மேரி திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடி?"

"மீன்ல முள்ளு எடுக்கத் தெரியாம தட்டைத் தடவிக்கினு இருந்தியே, அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. நான் எப்படிக் கேக்கறது?"

இவளையா அக்கறையில்லாதவள் என்று நினைத்தோம் என்று மேரிக்கு உடம்பு கூனிக் குறுகியது.

ரகுராம் தாளையும் பிலிமையும் மாறி மாறிப் பார்த்தான். கோபப்படுவான், கத்துவான் என்று இருவரும் நின்றார்கள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்து, மேரி இட்டுக்கட்டியவற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மிச்சத்தை ஜெயலட்சுமி கண்டவற்றோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "உங்க லிஸ்ட்ல நிஜமா இருக்கற மங்கல் புள்ளிங்களை மட்டும் எடுத்துப் பாத்தா, ஜெயாம்மாகூட அதுல மூணுல ஒண்ணை விட்டிருக்காங்க. அதைச் சேர்த்தா வளைவே இல்ல. கோடு நேராத்தான் போகுது."

"எல்லாம் என்னாலதான் சார். என் கண்ணு…"

"கண்ணால இல்ல மேரியம்மா." அவன் குரலில் கோபமில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "உங்க கண்ணு பாதி போனாலும் இந்தக் கணக்கு நிக்கும். நீங்க நூத்துல இருபதைப் பாத்தாலும் போதும். அந்த இருபதுல ஜெயாம்மா எத்தனையைப் பாத்தாங்கன்னு வச்சு நான் மொத்தத்தையும் கண்டுபிடிச்சுடுவேன். பிழை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நல்ல கண்ணு வேணும்னு இந்தக் கணக்கு உங்ககிட்ட கேக்கவே இல்ல. தனியா பாக்கணும்னுதான் கேட்டுச்சு."

மேரிக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நாலு வருஷம் எதை மறைக்கப் பயந்து பயந்து செத்தாளோ, அதை மறைக்கத் தேவையே இருந்ததில்லை. தெரிந்ததை மட்டும் எழுதியிருந்தால் போதும். கண் போனதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, வெட்கப்பட வேண்டியதைத் தினமும் காலையில் போய்ச் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

ரகுராம் கட்டுரையைத் திரும்பப் பெற்றான். மாநாட்டுக்குப் போகவில்லை. ஸ்கேனிங்கில் பிழை என்று மட்டும் எழுதினான், யார் பெயரையும் சொல்லவில்லை. அந்த வருஷம் அவனுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. வராந்தாவில் அவனைப் பார்த்துச் சிலர், "என்னப்பா, வளைஞ்சதை நிமித்திட்டியாமே" என்று கேட்டார்கள். முனியப்பனைப் போல அவனும் சிரித்தான். அதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மேரி வந்த வழியே திரும்பிப்போனாள்.

வீட்டில் சால்வையைத் தியோடர் பீரோ கண்ணாடியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தொங்கவிட்டிருந்தார். அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் யாரிடமோ கழுகுக் கதையை ஆரம்பித்தார். "சும்மா இரு. எனக்குக் கண்ணு தெரியல. நாலு வருஷமாச்சு" என்றாள் மேரி, சுற்றி இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. அவர் வாய் திறந்தபடி நின்றது. வீடு திரும்பும்போது தெருமுனையில் பள்ளம் வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அவளுக்கு அது இன்னும் வெட்கமாக இருந்தது.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக்கொண்டு போனாள். ரகுராம் அதை வாங்கவில்லை. "நாலு வருஷ பிலிமையும் திரும்பப் பாக்கணும். வேற யார் பாப்பாங்க?" என்றான். அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பழைய ஸ்டூல் பேச்செல்லாம் அதன் பிறகு இல்லவே இல்லை.

திங்கட்கிழமை ஜெயலட்சுமி முதல் பிலிமைப் பார்த்து முடித்து, அழுத்தித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தாள். உறையில் ஸ்பிரிட் நாற்றம் அடித்தது, ஒரு கீற்றுகூட மிச்சமில்லை. மேரி மெதுவாக லென்ஸை நகர்த்தினாள். ஓரக்கண்ணில் வந்ததை எழுதினாள், வராததை விட்டாள். முடிந்தபோது தாளில் கொஞ்சம்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

பக்கத்து மேஜையிலிருந்து ஜெயலட்சுமி, அவளையும் அறியாமல், கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"பாக்காதடி" என்று சொல்லி மேரி தாளை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.